ஜூலியா சைல்டின் பிரான்ஸ் வாழ்க்கை: எங்கள் திண்ணையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாயவரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறன்று பதினைந்து பேர் கூடி ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுவோம். போன ஆண்டு எடுத்தது 'மை லைஃப் இன் பிரான்ஸ்'. அமெரிக்காவின் புகழ்பெற்ற சமையல் கலைஞர் ஜூலியா சைல்ட், பிரான்சில் வாழ்ந்ததையும் அங்கே சமைக்கக் கற்றதையும் சொல்லும் நினைவுக் குறிப்பு. ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று தொடங்கினோம், நான்கு மாதம் ஓடியது. என் பிரதி கும்பகோணம், திருவாரூர், காரைக்கால் என்று இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. வாங்கிப் போகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு எழுதி வைக்கிறேன்.

யாருங்க இந்த ஜூலியா சைல்ட்? நான் பேரே கேள்விப்பட்டதில்ல.

1912-ல் கலிஃபோர்னியாவின் பசடேனா ஊரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஆறடி இரண்டு அங்குல உயரம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க உளவு அமைப்பில் ஆவணங்களைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்தார். அந்த வேலைதான் 1944-ல் அவரைக் கண்டிக்குக் கொண்டுவந்தது. ஆமாம், நம் இலங்கைக் கண்டிதான். அங்கேதான் பால் சைல்டைச் சந்தித்தார். 1946-ல் திருமணம். 1948 நவம்பரில் பாலுக்குப் பாரிசில் அமெரிக்க அரசின் தகவல் துறையில் வேலை கிடைக்க, இருவரும் கப்பல் ஏறினார்கள்.

1961-ல் இரண்டு பிரெஞ்சுத் தோழிகளுடன் சேர்ந்து அவர் எழுதிய 'மாஸ்டரிங் தி ஆர்ட் ஆஃப் ஃபிரெஞ்ச் குக்கிங்' என்ற பெரிய சமையல் புத்தகம் வெளிவந்தது. 1963-ல் பாஸ்டன் தொலைக்காட்சியில் 'தி ஃபிரெஞ்ச் செஃப்' நிகழ்ச்சி தொடங்கியது. அமெரிக்க வீடுகளில் பிரெஞ்சுச் சமையலைக் குடியேற்றியவர் என்று அவரைச் சொல்வார்கள். 92 வயது நிறைய இரண்டு நாள் இருக்கையில், 2004 ஆகஸ்டில் காலமானார்.

இது சமையல் புத்தகமா, இல்ல வாழ்க்கைக் கதையா? வாங்கினா சமைச்சுப் பார்க்கலாமா?

வாழ்க்கைக் கதை. அளவு போட்டு, செய்முறை போட்டு எழுதிய குறிப்புகள் இதில் இல்லை. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-ல் வந்தது. கல்யாணமாகிப் போகும் பெண்ணின் பெட்டியில் பாத்திரத்தோடு பாத்திரமாகப் போன புத்தகம் அது. அந்த மாதிரி ஒன்றை எதிர்பார்த்து இதை வாங்காதீர்கள். ஜூலியா எழுதிய அப்படிப்பட்ட புத்தகம், மேலே சொன்ன 1961 புத்தகம்.

ஆனால் ஒரு பண்டம் முதலில் ஏன் கெட்டது, பிறகு எப்படிச் சரியாக வந்தது என்று அவர் விவரிக்கும் இடங்கள் நிறைய. அவற்றைப் படித்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போகலாம். நாங்கள் போனோம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு பிரெஞ்சு சுத்தமா தெரியாது, இங்கிலீஷும் அரைகுறை. படிக்க வருமா?

வரும். ஜூலியாவின் ஆங்கிலம் பேச்சுப் போல இருக்கும். சிறிய வாக்கியங்கள், நிறைய வியப்பு. பிரெஞ்சுச் சொற்கள் அடிக்கடி குறுக்கே வரும், பெரும்பாலும் பண்டங்களின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் அகராதியைத் திறந்தால் பத்தாம் பக்கத்திலேயே களைத்துவிடுவீர்கள். கொத்சு, கடப்பா, டாங்கர் பச்சடி என்று நாம் சொன்னால் வெளியூர்க்காரர் சாப்பிடும் பொருள் என்று மட்டும் புரிந்துகொண்டு கதையைக் கேட்பார் இல்லையா, அப்படிப் படியுங்கள்.

முதல் நான்கு அத்தியாயங்களை மட்டும் படித்தாலும் நஷ்டமில்லை. பாரிசும், தெற்கு பிரான்சின் துறைமுக நகரமான மார்சேயும் அந்த நான்கில்தான் இருக்கின்றன.

நாங்க சுத்த சைவம். மீனும் வாத்தும் கன்னுக்குட்டிக் கறியுமா வர்ற புத்தகத்தை எப்படி ரசிக்கிறது?

எங்கள் பதினைந்து பேரில் ஒன்பது பேர் சைவம். நான்கு மாதமும் விடாமல் வந்து அதிகம் பேசியவர், முட்டை கூடத் தொடாத எழுபத்தைந்து வயது மாமி ஒருவர். அவர் சொன்ன காரணம் இது: "அவ பாத்திரம் வாங்கற இடத்தைப் படிச்சப்போ எனக்குக் கும்பகோணம் பாத்திரக் கடைத்தெருவுல நிக்கிற மாதிரியே இருந்தது." பாரிசில் தெஹிலரின் என்று பழைய சமையல் பாத்திரக் கடை ஒன்று உண்டு. அங்கே போனால் ஜூலியாவுக்குத் திரும்பி வர மனம் இருக்காது. பிரெஞ்சுச் செப்புப் பாத்திரத்துக்கும் உள்ளே ஈயம்தான் பூசுவார்கள். ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தில் சமைத்து வளர்ந்த யாருக்கும் அந்தப் பக்கங்கள் அந்நியமாக இருக்காது.

அடுத்தது சந்தை. வீட்டுக்கு அருகே காய்கறி விற்கும் ஒரு வயதான அம்மாவிடம், எந்தக் காய் எந்த மாதம் ருசி, எதை எப்படித் தொட்டுப் பார்த்து வாங்குவது என்று ஜூலியா படிப்படியாகக் கற்கிறார். முதலில் நலம் விசாரிக்க வேண்டும், அப்புறம்தான் காய். அவசரமாக வந்து விலை மட்டும் கேட்கிறவருக்கு நல்ல காய் கிடைக்காது. மாயவரம் கடைத்தெருவில் இது நமக்குத் தெரிந்த சட்டம். ஒரு வெளிநாட்டுப் பெண் இதைக் கண்டுபிடித்துப் பூரிக்கும்போது, நம் பழக்கத்தின் அருமை நமக்கே புதிதாகத் தெரிகிறது.

சமையல் பள்ளியைப் பற்றிய அத்தியாயத்திலும் மார்சேய் மீன் சந்தையிலும் கறி, மீன் விவரம் கூடுதலாக வரும். மனம் ஒப்பாத பத்திகளைத் தாண்டிப் போகலாம், கதை அறுந்துவிடாது.

முதல் சாப்பாடு, முதல் சாப்பாடுன்னு எல்லாரும் சொல்றாங்களே, அப்படி என்னதான் சாப்பிட்டாங்க?

1948 நவம்பர் 3. லெ ஆவ்ர் துறைமுகத்தில் இறங்கி, கூடவே கொண்டுவந்த காரில் பாரிசுக்குப் போகும் வழியில் ரூவான் என்ற ஊரில் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்துகிறார்கள். லா கூரோன் என்ற பழைய உணவகம். சிப்பி, வெண்ணெயில் பொரித்த சோல் மீன், கீரைக் கலவை, ஒரு வகை இளம் பாலாடைக்கட்டி, காபி, கூடவே ஒயின். அவ்வளவுதான். விருந்து என்று சொல்ல முடியாத, நிதானமான ஒரு மதியச் சாப்பாடு.

ஜூலியாவுக்கு அப்போது வயது 36. மீன் என்றால் பெரிதாக நினைப்பு இல்லாத வீட்டில் வளர்ந்தவர். அந்தத் தட்டு முன்னால் வந்ததும் மூக்குக்கு வந்த வெண்ணெய் மணம், முதல் வாயில் தெரிந்த கடல் ருசி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். நடந்து ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் மறக்கவில்லை. எங்கள் கூட்டத்தில் இந்த இடத்தைச் சத்தமாகப் படித்தபோது, ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று நினைவுக்கு வந்தது. ஒருவர் திருவையாற்றில் ஆராதனைக்குப் போன அன்று முதன்முதலாகச் சாப்பிட்ட அசோகா அல்வாவைச் சொன்னார். இன்னொருவர், பட்டினி கிடந்த ஒரு நாளில் கோயில் மடைப்பள்ளியிலிருந்து வாழையிலையில் வந்த புளியோதரையைச் சொன்னார். அன்று புத்தகத்தில் ஆறு பக்கம்தான் நகர்ந்தது.

அந்த சோல் மீன் நம்ம பக்கம் கிடைக்குமா?

அதே மீன் கிடைக்காது, அது ஐரோப்பியக் கடலுக்கு உரியது. அதன் உறவுக்கார மீன்கள் நாகப்பட்டினம், காரைக்கால் கரையில் வலையில் விழுகின்றன. நாக்கு மீன் என்று நாம் சொல்வது அந்தத் தட்டை மீன் இனம்தான். இரண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்கும். நாக்கு மீனில் லேசாக மாவு புரட்டி, வெண்ணெயில் பொரித்து, எலுமிச்சை பிழிந்து கொத்தமல்லி தூவிச் சாப்பிட்டுப் பார்த்தார் எங்கள் காரைக்கால் தோழி. மிளகாய்த் தூள் போடாமல் மீனைச் சாப்பிட்டது அதுவே முதல் தடவை என்றும், மீனுக்கென்று தனியாக ஓர் இனிப்பு இருப்பது அன்றுதான் தெரிந்தது என்றும் சொன்னார்.

முப்பத்தேழு வயசுல சமையல் பள்ளிக்கூடம் போனாங்களா? அதுவரைக்கும் சமைக்கவே தெரியாதா?

சுமாராகத் தெரியும். வீட்டில் சமையலுக்கு ஆள் இருந்ததால் சின்ன வயதில் அடுப்பங்கரைப் பக்கம் போனதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு புத்தகத்தைப் பார்த்துச் செய்தவை பாதி நேரம் சொதப்பின. 1949 அக்டோபரில் லெ கோர்டோன் ப்ளூ என்ற பள்ளியில் சேர்ந்தார். குடும்பப் பெண்களுக்கான வகுப்பில் போட்டார்கள். இரண்டு நாளில் அது போதாது என்று தெரிந்துவிட்டது. கேட்டு வாங்கி, உணவகம் நடத்தப்போகிறவர்களுக்கான வகுப்புக்கு மாறினார். போரிலிருந்து திரும்பிய பதினொரு அமெரிக்கச் சிப்பாய்கள், நடுவில் இவர் ஒருவர்தான் பெண். காலை ஏழரைக்கு வகுப்பு.

ஆசிரியர் மாக்ஸ் புன்யார், எழுபதைத் தாண்டியவர். எனக்கு இந்தப் புத்தகத்தில் மிகவும் பிடித்த மனிதர் இவர். முட்டைக் கிளறலை ஜூலியா தனக்குத் தெரிந்த மாதிரி வேகமாகச் செய்து காட்டுகிறார். புன்யார் அதை நிறுத்திவிட்டுத் தான் செய்து காட்டுகிறார். சட்டியில் வெண்ணெய் தடவி, மிகச் சின்ன தீயில் வைத்து, முட்டை தானாகக் கெட்டிப்படத் தொடங்கும்வரை சும்மா நிற்கிறார். அப்புறம்தான் கிளறுகிறார். தீயை நகர்த்தி, நகர்த்தி, கடைசியில் கொஞ்சம் வெண்ணெயோ பாலேடோ விட்டு வேகலை நிறுத்துகிறார். தெரியும் என்று நினைத்த ஒன்று உண்மையில் தெரியாது என்று புரிந்ததும் ஜூலியாவுக்கு வந்தது சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்காகவே இந்தப் புத்தகத்தை நான் எல்லாருக்கும் கொடுக்கிறேன். தினம் வைக்கும் ரசத்தை ஒருவர் பக்கத்தில் நின்று, "பொங்க விடாதே, நுரை கூடியதும் இறக்கு" என்று சொல்லித் தந்த நாள் உங்களுக்கு நினைவிருந்தால், இந்த இடம் நெஞ்சில் தங்கும்.

பரீட்சையில பெயில் ஆனாங்களாமே, நிஜமா?

நிஜம். முதல் தடவை தேறவில்லை. பெரிய பெரிய பண்டங்களைக் கேட்பார்கள் என்று அவற்றுக்குத் தயாராகிப் போனார். கேட்டது பள்ளியின் ஆரம்பக் கையேட்டில் இருந்த மூன்று எளிய பண்டங்களை. அவற்றின் அளவை அவர் மனப்பாடம் செய்யவில்லை. வெளியே வந்து பள்ளியின் நிலவறைச் சமையலறைக்கு இறங்கிப் போய், கையேட்டைத் திறந்து வைத்து, அந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்து, தானே சாப்பிட்டார். மறு தேர்வில் தேறினார்.

கோபத்தைச் சமைத்துத் தீர்க்கும் இந்த இடத்தில் எங்கள் கூட்டத்துப் பெண்கள் கைதட்டினார்கள். பெரிய விருந்துக்கே சமைக்கத் தெரிந்தவர் அரிசிக்கு எத்தனை தண்ணீர் என்ற கேள்வியில் தடுமாறுவது உண்டு. ஜூலியா தன் தவறையும் ஒப்புக்கொள்கிறார், தன்னை அலைக்கழித்த பள்ளித் தலைமையின் மேல் இருந்த கோபத்தையும் மறைக்கவில்லை.

ஒரு மயோனைசுக்காக அத்தனை தடவை செஞ்சு கொட்டினாங்களாம். பண்டத்தை வீணாக்கறது தப்பில்லையா?

இந்தக் கேள்வி பாட்டிமார்களிடமிருந்துதான் வரும். கேள்வியில் நியாயம் உண்டு. முட்டையும் எண்ணெயும் சேர்த்து அடித்துச் செய்யும் அந்தக் குழம்பு, ஒரு குளிர்காலத்தில் அவருக்குத் திடீரென்று திரிந்துபோகத் தொடங்கியது. பல வருடம் கை வந்த பண்டம் ஏன் திரிகிறது என்று தேடிப் போனார். பாத்திரமும் முட்டையும் எவ்வளவு சில்லென்று இருக்கின்றன, எண்ணெயை எவ்வளவு மெதுவாக விடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. கண்டுபிடிக்கும்வரை செய்துகொண்டே இருந்தார், ஒரு கட்டத்தில் சாப்பிட முடியாமல் கழிப்பறையில் கொட்டும் அளவுக்கு.

கொட்டியது எனக்கும் உறுத்தியது. ஆனால் மார்கழியில் இட்லி மாவு புளிக்காதபோது நாம் என்ன செய்கிறோம்? வெந்நீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைக்கிறோம், போர்வை சுற்றுகிறோம். யாரோ ஒருத்தி முன்னொரு நாள் பல தடவை மாவைக் கெடுத்துத்தான் இதைக் கண்டுபிடித்திருப்பாள். அவள் எழுதி வைக்கவில்லை, ஜூலியா எழுதி வைத்தார். பின்னாளில் வீட்டு அடுப்பில் பிரெஞ்சு ரொட்டி வரவேண்டும் என்று அவரும் கணவர் பாலும் இரண்டு ஆண்டு உழைத்து ஏறக்குறைய 130 கிலோ மாவு செலவழித்தார்கள். கடைசியில் ரொட்டியின் மேல்தோல் மொறுமொறுப்பாக வந்தது ஆவியால்தான். அடுப்புக்குள் தண்ணீர்த் தட்டு வைத்து, அதில் சுட்ட கல்லைப் போட்டு ஆவி எழுப்பும் இடத்தை விட்டுவிடாமல் படியுங்கள்.

பக்கத்துக்குப் பக்கம் ஒயின். பிள்ளைங்க கையில குடுக்கலாமா?

பதினைந்து வயதுக்கு மேல் என்றால் நான் கொடுப்பேன். அங்கே ஒயின் சாப்பாட்டோடு வரும் பொருளாகத்தான் பேசப்படுகிறது.

புருஷன் பாவம் ரொம்ப நல்லவரா இருக்காரே. அப்படியே நம்பலாமா?

பால் சைல்ட் ஜூலியாவைவிடப் பத்து வயது மூத்தவர். இருபதுகளிலேயே பாரிசில் வாழ்ந்தவர், நல்ல பிரெஞ்சு பேசுவார், படம் வரைவார், புகைப்படம் எடுப்பார். புத்தகத்தில் உள்ள பல புகைப்படங்கள் அவர் எடுத்தவை. மனைவியின் சோதனைகளை எல்லாம் சாப்பிட்டவரும் அவர்தான். சலிப்பும் முசுட்டுத்தனமும் அவருக்கு உண்டு, ஜூலியாவே அதைச் சொல்கிறார்.

1955-ல் ஜெர்மனியில் இருந்தபோது, அவசரமாக வாஷிங்டனுக்கு வரச்சொல்லி பாலுக்கு உத்தரவு வருகிறது. பதவி உயர்வு என்று ஜூலியா நினைக்கிறார். அங்கே போனால் விசாரணை. அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் பயம் தலைவிரித்தாடிய காலம். அவர் யார், யாரோடு பழகினார் என்று குடைகிறார்கள். குற்றமற்றவர் என்று விடுவித்தாலும், மனதில் விழுந்த கீறல் ஆறவில்லை. ஜூலியாவின் அப்பாவும் அரசியலில் இவர்களுக்கு நேர் எதிர்ப்பக்கம் நின்றவர், மருமகனை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. மகளாகவும் மனைவியாகவும் நடுவில் நின்று ஜூலியா எழுதியிருப்பதைப் படித்தால், சமையலுக்குள்ளே எவ்வளவு வாழ்க்கை இருக்கிறது என்று தெரியும்.

வேலைக்கு ஆள், வெளிநாட்டு உத்தியோகம், குழந்தை குட்டி இல்ல. நம்ம வாழ்க்கைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

திருவாரூரில் ஒரு தோழி இதைக் கொஞ்சம் வருத்தத்தோடு கேட்டார். அவருக்கு மூன்று பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார். அவர் சொல்வது உண்மைதான். ஜூலியாவுக்கு நேரம் இருந்தது, குடும்பச் சொத்திலிருந்து கொஞ்சம் பணமும் வந்தது. குழந்தை இல்லாததை அவர் பெரிதாகப் பேசுவதில்லை. அதை ஒரு குறையாக வைத்துக்கொண்டு நிற்கவும் இல்லை.

அதற்காகச் சுகவாசம் என்றும் நினைக்க வேண்டாம். போர் முடிந்த பாரிசில் நிலக்கரித் தட்டுப்பாடு, வீட்டுக்குள்ளேயே குளிர். அடுப்பு மேடை அவர் உயரத்துக்கு மிகவும் தாழ்வு, குனிந்தே சமைக்க வேண்டும். பல ஆண்டு உழைத்து எழுதிய சமையல் புத்தகத்தை, ஒப்பந்தம் போட்ட பதிப்பகமே வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. ஜூடித் ஜோன்ஸ் என்ற இளம் ஆசிரியர் அதன் மதிப்பை உணர்ந்து க்னாஃப் பதிப்பகத்தில் வெளியிட வைத்தார். புத்தகம் கைக்கு வந்தபோது ஜூலியாவுக்கு வயது 49. திருவாரூர்த் தோழியிடம் நான் சொன்னது இதுதான்: நேரம் கிடைக்கும் ஒரு வருடம் உங்களுக்கும் வரும், அப்போது வயதாகிவிட்டது என்று சொல்லாமல் இருக்க இந்தப் புத்தகம் உதவும்.

சமைச்சது நல்லா வரலைன்னாலும் மன்னிப்பு கேட்கக் கூடாதுங்கறாங்க. நம்ம வீட்ல இது நடக்குமா?

ஆரம்ப நாட்களில் ஒரு தோழியை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து, கீரையும் முட்டையும் சேர்த்து ஒரு பண்டம் செய்கிறார். வாயில் வைக்க முடியவில்லை. இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டு முடிக்கிறார்கள். ஜூலியா சமாதானம் சொல்லவே இல்லை. சமைத்தவள் குறை சொல்லத் தொடங்கினால் விருந்தாளிக்கு ஆறுதல் சொல்லும் வேலைதான் மிஞ்சும் என்பது அவர் கருத்து.

நம் பக்கத்தில் பரிமாறும்போதே "இன்னிக்கு உப்பு கொஞ்சம் கம்மி, குழம்பு நீர்த்துப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே போடுவது பணிவு. நான் முப்பது ஆண்டு அப்படித்தான் பரிமாறினேன். படித்த பிறகு ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு பரிமாறிப் பார்த்தேன். முதல் வாரம் கஷ்டமாக இருந்தது. அப்புறம், நான் குறை என்று நினைத்ததை யாரும் கவனிக்கவே இல்லை என்று தெரிந்தது. மாமனார் மட்டும் ஒரு நாள், "இன்னைக்கு வத்தக்குழம்பு நல்லா இருக்கும்மா" என்றார். அதுவரை அவரை அப்படிச் சொல்ல நான் விட்டதே இல்லை.

அவங்க பாரிஸ்ல இருந்தப்போ எங்க காரைக்காலும் பிரெஞ்சுக்காரன் கையிலதானே இருந்தது? அதப் பத்தி ஏதாவது வருதா?

வராது. நல்ல கேள்வி என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1739 முதல் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்றுதான் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. சட்டப்படி மாற்றம் முழுமையானது 1962 ஆகஸ்ட் 16-ல். அதாவது ஜூலியா பாரிஸ் சந்தையில் வெங்காயம் வாங்கிய ஆண்டுகளில், அரசலாற்றங்கரையில் அதே பிரெஞ்சுக் கொடி பறந்தது.

என் பெரியம்மா மகளின் மாமனார் காரைக்காலிலிருந்து பிரெஞ்சுப் படைக்குப் போன சொல்தா, அதாவது சிப்பாய். வியட்நாமின் சைகோனில் இருந்தவர். மார்சேய் துறைமுகத்தைப் பற்றி அவர் சொன்னதை அக்கா இன்றும் சொல்வாள்: குளிர், சத்தம், கைவசம் கொண்டுபோன புளி தீர்ந்துபோன துக்கம். ஜூலியா 1953-ல் மார்சேயில் குடியேறிய வீடு பழைய துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது. அவர் ஜன்னலிலிருந்து பார்ப்பது மீன்படகுகளை. அந்த ஊரின் மீன் சாறான பூயாபேசில் தக்காளி போடலாமா கூடாதா என்று ஊரே சண்டை போடுவதை ரசித்து எழுதுகிறார். கும்பகோணம் கடப்பாவைப் பற்றி இரண்டு வீட்டுக்காரர்கள் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி.

தூர தேசங்களில் பிரான்ஸ் யாரை ஆண்டது என்ற பேச்சு அவர் பார்வைக்குள் வரவில்லை. அது ஒரு குறைதான். காரைக்கால்காரர்கள் அந்த அத்தியாயத்தைப் படிக்கும்போது தங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன மார்சேயையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அன்று எங்கள் திண்ணையில் அப்படித்தான் படித்தோம்.

இத அவங்களே எழுதினாங்களா? செத்த பிறகு வந்த புத்தகம்னு சொல்றாங்களே.

இரண்டு பேர் எழுதியது. பாலின் இரட்டைச் சகோதரர் சார்லியின் பேரன் அலெக்ஸ் ப்ருடோம் பத்திரிகை எழுத்தாளர். 2004-ல் ஜூலியாவோடு உட்கார்ந்து பேசிப் பேசிப் பதிவு செய்தார். பாலும் ஜூலியாவும் சார்லிக்கு எழுதிய கடிதங்களைக் குடும்பம் பத்திரமாக வைத்திருந்தது. அந்த ஆண்டே ஜூலியா மறைய, மீதியை அலெக்ஸ் முடித்தார். 2006-ல் வெளிவந்தது.

அரை நூற்றாண்டுக்கு முந்தைய மதியச் சாப்பாடு இவ்வளவு துல்லியமாக நினைவிருக்குமா என்ற சந்தேகத்துக்கும் அந்தக் கடிதங்கள்தான் பதில். குரல் ஜூலியாவுடையதுதான். கடைசி அத்தியாயங்களில் மட்டும் அது கொஞ்சம் மெலிகிறது.

சினிமா பார்த்துட்டேன். புத்தகமும் படிக்கணுமா?

2009-ல் வந்த 'ஜூலி அண்ட் ஜூலியா' படத்தில் மெரில் ஸ்ட்ரீப் ஜூலியாவாக நடித்தார். படத்தின் ஒரு பாதி இந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தது. மறுபாதி, நியூயார்க்கில் ஜூலியாவின் குறிப்புகளை ஒவ்வொன்றாகச் சமைத்துப் பார்த்த ஓர் இளம்பெண்ணின் கதை. ஸ்ட்ரீப் அருமை. ஆனால் புன்யார் பொறுமையாக முட்டைக்காகக் காத்து நிற்பது புத்தகத்தில்தான் முழுசாக இருக்கிறது. மார்சேய், ஜெர்மனி, நார்வே, பிறகு தெற்கு பிரான்சில் 1965-ல் கட்டிய சின்ன வீடு, இவற்றுக்கும் புத்தகம்தான்.

பாதிக்கு மேல போர் அடிக்குதே?

இரண்டாம் பகுதியில் பதிப்பக ஒப்பந்தம், படப்பிடிப்பு விவரங்கள் வரும் பக்கங்கள் இழுக்கத்தான் செய்கின்றன. வேகமாகப் புரட்டலாம். மேலே சொன்ன ரொட்டி இடத்தில் மட்டும் நில்லுங்கள். 1961 புத்தகத்தைச் சேர்ந்து எழுதிய தோழி சிம்கா என்ற சிமோன் பெக்குடன் வரும் மோதல்களையும் விடாதீர்கள். சரியாக எழுதியே தீரவேண்டும் என்று ஒருவர், என் பாட்டி கைப்பக்குவம்தான் சரி என்று இன்னொருவர். கூட்டுக் குடும்பத்தில் ஒரே அடுப்படியில் சமைத்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படாது.

சரி, படிச்சாச்சு. முதல்ல எதைச் சமைக்கட்டும்?

முட்டை சாப்பிடுகிறவர்கள் புன்யாரின் முட்டைக் கிளறலிலிருந்து தொடங்குங்கள். மேலே எழுதியிருப்பதே போதும். தீயை மட்டும் நம்பிக்கைக்கு மீறிக் குறைத்து வையுங்கள். சைவர்களுக்குப் பீன்ஸ். பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது உப்புப் போட்டு, பீன்ஸை முழுசாகப் போட்டு, கடித்தால் நறுக்கென்று இருக்கும் பதத்தில் வடித்து, உடனே குளிர்ந்த நீரில் போட வேண்டும். பச்சை நிறம் அப்படியே நிற்கும். பிறகு வெண்ணெயில் ஒரு புரட்டு. ஜூலியா தன் வாசகர்களுக்கு வற்புறுத்திச் சொன்ன முறை இது. எழுபத்தைந்து வயது மாமி வெண்ணெய்க்குப் பதிலாகக் கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்துத் தேங்காய் தூவினார். அதுவும் நன்றாகவே இருந்தது.

மாமி அதோடு நிற்கவில்லை. நான்காம் மாதக் கூட்டத்துக்கு ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தார். கடப்பாவுக்குப் பயத்தம்பருப்பு ஓர் ஆழாக்கு, உருளைக்கிழங்கு நான்கு என்று எழுதி, அதன் கீழே "கசகசா அரைக்கும்போது தண்ணி அதிகமாயிடுத்து, மறுபடி செஞ்சேன், சரியா வந்தது" என்று எழுதியிருந்தார். இப்போது பதினோராம் பக்கத்தில் இருக்கிறார்.